உருக்கு வீட்டை மறுத்தவர்கள் உலை வீட்டைக் கட்டுவதா?

அடுப்புக்குள்ளே குடியிருக்க எவரும் மனமுவந்து இசையார். இசையாதவர்களை அதற்குள் குடியேற்றுவதற்கு ஒரு மந்திரி வேண்டும். ஒரு கம்பனி வேண்டும். கடன் கொடுக்க ஒரு வங்கியும் வேண்டும். 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2016ஆம் ஆண்டிலும் கொழும்பிலே இம்மூன்றும் ஒருங்கே கூடின. போரினால் வீடிழந்த வடக்குக் கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்திக் கொடுப்பதென்று மீள்குடியேற்ற அமைச்சு திட்டம் வகுத்தது. வீடு ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்றார்கள். இவ்வளவு விலை ஏன் என்று கேட்டபோது, தளபாடம் முதலியனவும் அதற்குள் அடக்கம் என்று சமாதானம் கூறப்பட்டது. அதே மண்ணிலே இந்திய அரசாங்கத்தின் நன்கொடைத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கொடுத்து, 550 சதுர அடிக்குக் கல் வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டிருந்தது. அந்தப் பணம் போதாமற் பலர் கடன்பட்டார்கள் என்பது மெய். எனினும் கல்லைச் சுமந்தவரும், மேசனுக்குத் தேநீர் கொடுத்தவரும், கதவு எங்கே வரவேண்டும் என்று கைகாட்டியவரும் அவ்வீட்டுக்காரரே.

உருக்கு வீட்டில் அப்படியொன்றும் இல்லை. எத்திசையிலிருந்து காற்று வரும், எங்கே அடுப்பு மூட்டுவீர்கள், மாடு எங்கே கட்டுவீர்கள் என்று கிளிநொச்சியில் ஒரு கமக்காரனையோ, முல்லைத்தீவில் ஒரு விதவைத் தாயையோ கேட்டு அவ்வீடு வரையப்பட்டதாக நாம் அறியோம். உப்புக் காற்றிலே உருக்குத் துருப்பிடியாதா? பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது ஓர் அறையைக் கூட்டிக் கட்ட வேண்டுமானால் அந்தச் சுவரில் எங்கே கல்லைச் சேர்ப்பது? விறகடுப்பின் புகை எவ்வழியே போவது? சித்திரை வெய்யிலிற் குழந்தையை எங்கே கிடத்துவது? தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டார்கள். வட மாகாண சபை கேட்டது. பொறியியலாளர்கள் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் கேட்டார்கள். திட்டமிட்ட பெருமெடுப்பில் அது நிறைவேறவில்லை. மக்கள் வென்றார்கள் என்று நாமும் மகிழ்ந்தோம்.

பழங்கதையை இப்போது ஏன் கிளறுகின்றீர்கள் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அன்று உருக்கு வீட்டை எதிர்த்துக் கையெழுத்திட்ட கனவான்களிற் பலர் இன்று தமக்கும் தம் மக்களுக்கும் கட்டுகின்ற வீடுகளை நாம் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் கண்டி வீதியின் இருமருங்கிலும் காண்கின்றோம். மேலே ஐந்து அங்குலக் கொங்கிறீற்றுத் தட்டு. இறவாரம் என்பதே இல்லை. மேற்கு நோக்கிப் பெரிய கண்ணாடி யன்னல். அந்தக் கண்ணாடி திறக்கப்படுவதும் இல்லை. தாத்தா நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம் தறிக்கப்பட்டு, முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. அறைக்கு ஒரு குளிரூட்டி. கட்டி முடிய மூன்று வருடம். கடன் தீரப் பதினைந்து வருடம். இதற்கும் அந்த உருக்குப் பெட்டிக்கும் என்ன வேற்றுமை? அதைப் பிறர் எம்மேற் சுமத்தினர்; இதை நாமே பாலும் காய்ச்சி, ஐயரையும் அழைத்து, எம்மேற் சுமத்திக்கொள்கிறோம்.

இவ்வீடுகளின் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் இரகசியமன்று. தொரன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் தம்பிமார் அனுப்புகிறார்கள். அங்கே வீட்டுக்குள் வந்த வெப்பம் வெளியே போகாமற் காப்பதுதான் வீடு கட்டுபவனின் கவலை. அதற்காகத்தான் சுவரை இறுக்குகிறான். அதற்காகத்தான் சூரியனை நோக்கிக் கண்ணாடி வைக்கிறான். அந்த நாட்டில் அது அறிவு. நாற்றுமேடைக்குப் பொலித்தீன் கூடாரம் போடும் எமது கமக்காரனுக்கு இந்தச் சங்கதியை விளக்க வேண்டியதில்லை. கண்ணாடியும் அவ்வாறே வெய்யிலை உள்ளே விடும். வெக்கையை வெளியே விடாது. மிளகாய் நாற்றுக்கு அது நல்லது. மனிதரை அதற்குள் வளர்ப்பது எந்த நியாயம்?

சூரியனின் கணக்கை முதலிற் பார்ப்போம். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 40 கலையில் இருக்கிறது. ஆகவே சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் எமது உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கின்றான். ஆவணிக் கடைசியில் மீண்டும் ஒருமுறை அவ்வாறு நிற்கின்றான். இடைப்பட்ட நான்கரை மாதம் வடக்கே சாய்ந்து செல்கிறான். எஞ்சிய மாதங்களில் தெற்கே. தெற்கே மிகச் சாயும் மார்கழியிலும் நண்பகலில் அவன் அடிவானிலிருந்து 57 பாகை உயரத்துக்குக் குறைவதில்லை. வடக்கே மிகச் சாயும் ஆனியில் 76 பாகை. இந்த இரண்டு எண்களையும் வீடு வரைகின்ற ஒவ்வொருவரும் மேசையின்மேல் எழுதி ஒட்டிவைக்க வேண்டுமென்பது எமது விண்ணப்பம். ஏனெனில், மூன்றடி இறவாரம் போட்ட வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் நண்பகலில் ஏறக்குறையத் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். மார்கழியிற்கூட அவ்விறவாரத்தின் நிழல் தெற்குச் சுவரில் நாலரை அடிக்குமேல் இறங்கும். யன்னல் நிழலுக்குள் வந்துவிடும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து, ஈட்டிபோல் நேரே உள்ளே பாய்கிறான். எத்தனை அடி இறவாரம் நீட்டினாலும் பிற்பகல் நாலு மணி வெய்யிலை அது மறிக்காது.

ஆகவே எமது பிரதேசத்தில் வீடு கிழக்கு மேற்காக நீளவும், வடக்குத் தெற்காக ஒடுங்கவும் வேண்டும். குறுகிய சுவர்கள் இரண்டும் வெய்யிலுக்கு. நீண்ட சுவர்கள் இரண்டும் யன்னலுக்கு. இதற்கு ஒரு சதமும் மேலதிகச் செலவில்லை. அத்திவாரக் கயிற்றைத் திருப்பிப் பிடித்தால் முடிந்தது. ஆனால் எமது வரைஞர்கள் என்ன செய்கின்றார்கள்? றோட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வீட்டின் முகம். றோட்டு மேற்கே இருந்தால் அகன்ற முகப்பு மேற்கே, கண்ணாடி மேற்கே, குடும்பம் வெந்து தணிவதும் மேற்கே. போவோர் வருவோர் ஒரு நிமிடம் நின்று பார்த்துப் புகழ்வதற்காக, வீட்டிலிருப்போர் முப்பது வருடம் வியர்க்க வேண்டுமாம்! மனையடி சாஸ்திரம் பார்ப்பவருக்குக் கொடுக்கும் தட்சணையை நாம் குறை சொல்லவில்லை. எட்டுத் திசைக்கும் அதிபதியாரென்று அவரிடம் கேட்பவர்கள், பிற்பகல் மூன்று மணிக்கு வெய்யில் எந்தச் சுவரில் விழுகிறது என்று ஒரு நாள் தாமே வளவுக்குள் நின்று பார்த்தாலென்ன?

அடுத்தது காற்று. காற்றைப்பற்றி எமது விவசாயிக்குப் புத்தி சொல்ல நாம் துணிய மாட்டோம். பொலி தூற்றுவதற்குக் காற்றின் வாய் பார்த்து நிற்பவன் அவன். வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும் என்பதும், மாரியில் வடகிழக்குப் பக்கமாக வாடை இறங்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் களத்திலே காற்றுப் பார்த்தவன் வீடு கட்டும்போது மாத்திரம் அதை மறந்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரே ஒரு யன்னல் வைத்து ஓவசியர் கொடுத்த படத்துக்குத் தலையாட்டுகிறான். ஒரு வாசலால் மாத்திரம் காற்று வராது. அது போக மறு வாசல் வேண்டும். அறைக்கு எதிரெதிரே இரண்டு திறப்பு இருந்தாலன்றி அது அறையன்று, பெட்டகம். இரண்டு அறைகளை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டும் வழக்கத்தை விட்டு, ஓர் அறை ஆழத்துக்கு மேற்படாமல் வீட்டை நீட்டினால் ஒவ்வோர் அறைக்கும் வடக்கும் கிடைக்கும், தெற்கும் கிடைக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. பிற்பகல் வெய்யிலும் மேற்கிலிருந்தே வருகிறது. மேற்கை அடைத்தால் வெய்யிலோடு சோளகத்தின் ஒரு பங்கும் போய்விடும். திறந்தால் காற்றோடு நெருப்பும் வரும். எமது முன்னோர் இதற்கு விடை கண்டார்கள். அந்தப் பக்கத்தில் விறாந்தையை இறக்கினார்கள். விறாந்தைக்கு முன்னே வேம்பை நட்டார்கள். கிடுகுத் தட்டியைத் தொங்கவிட்டார்கள். வெய்யில் தட்டியில் விழுந்தது. காற்று இடுக்குகளால் நுழைந்தது. இன்று தட்டிக்குப் பதிலாகத் துளைவிட்ட சீமெந்துக் கல்லை அடுக்கலாம். செங்கல்லை இடைவெளி விட்டு வலைபோற் கட்டலாம். கேரளத்திலே 2007ஆம் ஆண்டு காலமான லோறி பேக்கர் என்னும் ஆங்கிலேயர் தம் வாழ்நாள் முழுவதும் இத்தகைய வலைச்சுவர்களைக் கட்டி, ஏழைகளின் வீட்டைக் குளிர்வித்தார். செங்கற்களை விளிம்பில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டினால், கல்லிலே ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சம். அந்த வெற்றிடமே வெப்பத்துக்குத் தடை. எமது மேசன்மார் அதை ஒரு நாளிற் பழகிவிடுவர். பழக்குவோர்தாம் இல்லை.

ஒரே படத்தை எல்லா மாவட்டத்துக்கும் அனுப்புவது எத்துணைப் பேதைமை என்பதற்கும் காற்றே சாட்சி. சோளகம் யாழ்ப்பாணத்தில் கடலைக் கடந்து வருகிறது. அதை வீட்டுக்குள் அழைக்க வேண்டும். அதே காலத்தில் மட்டக்களப்பை வாட்டும் கச்சான், மலைநாட்டைக் கடந்து நீரிழந்து சுடுகாற்றாக இறங்குகிறது. அதை நண்பகலில் வெளியே நிறுத்த வேண்டும். இங்கே திறக்கும் யன்னலை அங்கே மூட வேண்டும். கொழும்பிலே ஒரே அச்சில் வார்த்த 65,000 வீடுகளுக்கு இந்த வேற்றுமை எப்படித் தெரியும்?

இனிக் கூரை. எமது நாட்டில் வெய்யில் சுவரைவிடக் கூரையையே அதிகம் அடிக்கிறது. ஆகவே வீட்டின் நன்மை தீமையிற் பெரும்பங்கு கூரையிலேயே இருக்கிறது. தகரக் கூரை நண்பகலில் 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். அதன் கீழ் நிற்பவனுடைய உடம்பு 37 பாகை. ஆகவே கூரைதான் மனிதனைக் காய்ச்சுகிறது. கொங்கிறீற்றுத் தட்டின் சூழ்ச்சி வேறு. பகலில் அது நல்லபிள்ளைபோல் இருக்கும். காலை முழுவதும் குடித்த வெப்பத்தை மாலை ஆறு மணிக்குமேல் கீழே கக்கத் தொடங்கும், நடுச்சாமத்திலும் கக்கிக்கொண்டிருக்கும். பாலைவன நாடுகளிற் பகல் கொதிக்கும், இரவு குளிரும். அங்கே தடித்த கூரையும் தடித்த சுவரும் பொருந்தும். எமக்கோ கடல் மூன்று பக்கம். இரவிலும் புழுக்கம் விடுவதில்லை. இரவிலே விரைந்து ஆறுகின்ற கூரைதான் எமக்கு உகந்தது. அது ஓட்டுக் கூரை. ஓடும் வெய்யிலிற் சுடும் என்பது உண்மையே. ஆனால் மெல்லியது, பொழுதுபட ஆறிவிடும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள நீக்கல்களால் வெக்கை மூச்சுவிடும். முகடு உயர்ந்து, முக்கோணச் சுவரின் உச்சியில் ஒரு கம்பிவலைத் துளையும் இருந்துவிட்டால், சூடேறிய காற்று தானே மேலெழுந்து வெளியேறும். கீழே புதுக்காற்று நுழையும். காற்றே அசையாத சித்திரை மாதத்தில் எமக்கு இருக்கும் ஒரே துணை இந்த உயரந்தான். எட்டடி உயரத்தில் பிளாஸ்ரிக் சீலிங்கை அடித்து அந்த உயரத்தையும் மூடுகிறவர்கள், மூடிய பின்பு மின்விசிறி சுடுகாற்றை வீசுகிறதென்று முறைப்படுகிறார்கள்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றைப்பற்றி ஒரு வார்த்தை போதும். அதன் நார் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. மலிவென்று வாங்குவோருக்கு இதைச் சொல்லாமல் விற்பது வியாபாரமன்று.

ஏற்கெனவே தட்டுக்கூரை போட்டுவிட்டவர்கள் என் செய்வது? இடித்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பங்குனியிலே தட்டின்மேற் கெட்டியாக வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். விழும் வெய்யிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும். வசதியுண்டானால் மேலே நாலடி உயர்த்தி ஓட்டுக் கூரையொன்று போடுங்கள். நடுவே காற்றோடட்டும், துணியும் காயட்டும். மேற்குச் சுவருக்கு முன்னே முந்திரிகைப் பந்தல் ஒன்று போட்டாற் பழமும் கிடைக்கும். முந்திரிகைப் பந்தல் போட யாழ்ப்பாணத்தானுக்கு யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

நாற்சார் வீட்டைப்பற்றிப் பேசாமல் இவ்விடயம் நிறைவெய்தாது. நடுவே வானத்துக்குத் திறந்த முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், அதைச் சூழ அறைகள். இரவிற் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கித் தேங்கும். பகலில் சுற்றியுள்ள அறைகள் அதைப் பருகும். மழைநீர் பீலிகளால் வடிந்து முற்றத்துக்கு வரும். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு புறமும் வெளி. போரில் ஷெல் வீழ்ந்து போனவை போக, எஞ்சிய நாற்சார் வீடுகளை நாமே இடித்துக் கொங்கிறீற்றுப் பெட்டி கட்டுகின்றோம். தெற்கிலே நடந்ததைக் கேளுங்கள். 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞர் கொழும்பின் நடுவே, சிறிய காணியொன்றில், ஏனா டி சில்வா என்னும் அம்மையாருக்கு முற்றம் வைத்த வீடு ஒன்று கட்டினார். பழைய சிங்கள வளவுகளிலும் ஒல்லாந்தர் வீடுகளிலும் கண்ட முற்றத்தைத்தான் அவர் எடுத்தார். அவ்வீட்டை உலகம் கொண்டாடியது. பிற்காலத்தில் அந்தக் காணி கைமாற நேர்ந்தபோது, வீட்டைக் கல் கல்லாகக் கழற்றி, அவருடைய லுணுகங்கைத் தோட்டத்திலே மீண்டும் எழுப்பினார்கள். அவர்கள் ஒரு முற்றத்தைக் கழற்றிக் காப்பாற்றினார்கள். எமது முற்றங்களின் தூண்களை நாம் பழைய மரக் காலைகளில் நிறுத்து விற்கிறோம்.

நாற்சார் வீட்டைப் புகழ்வதனால் அதன் பழைய குணங்களையெல்லாம் நாம் புகழ்கிறோம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அந்தக் குளிர்ந்த முற்றத்துக்குள் எல்லாத் தமிழரும் வரவிடப்பட்டாரில்லை. உழைத்த பலர் தலைவாசலுக்கு அப்பால் வெய்யிலிலே நின்றார்கள். தம் குடிசையின் ஓலை மாரியில் ஒழுக, தீப்பொறிக்கு அஞ்சிச் சீவித்தவர்கள் இன்று கொங்கிறீற்றை விரும்புகிறார்கள் என்றால் அதில் நியாயம் உண்டு. ஓலைக்குத் திரும்பிப் போ என்று அவர்களுக்கு உபதேசிக்க எமக்கு நாவெழாது. எம் வழக்கு அதுவன்று. முற்றத்தின் காற்றை எடுத்துக்கொள்வோம். முற்றத்தின் வாசலில் நின்ற தடையை விட்டுவிடுவோம். நாலு பரப்புக் காணிக்காரனுக்கும், 550 சதுர அடிக்கு உதவி பெற்றவனுக்கும் அந்தக் காற்று கிடைக்கச் செய்வதே இன்றைய வேலை.

கிடைக்குமா? கிடைக்கும். 550 சதுர அடியை ஒரே சதுரப் பெட்டியாக அடைக்காமல், பன்னிரண்டடி அகலத்தில் கிழக்கு மேற்காக நீட்டுங்கள். தெற்கே ஆறடி விறாந்தை ஒன்று. முதலில் மண் தரையாகவே இருக்கட்டும், தூண் பனையாக இருக்கட்டும். அந்த விறாந்தைதான் பகல் முழுவதும் குடும்பம் வசிக்கும் இடம். பாட்டி வெங்காயம் உரிப்பதும், பிள்ளை படிப்பதும், அயலவர் வந்திருப்பதும் அங்கேதான். மேற்குக் கோடியில் குளியலறையும் களஞ்சியமும் வரட்டும். பிற்பகல் வெய்யில் நெல் மூட்டையைச் சுட்டால் எவருக்கும் நட்டமில்லை. படுக்கையறையை மேற்கே வைப்பவன் தன் நித்திரைக்குத் தானே சத்துரு. நாளைக்கு மகளுக்கு அறை வேண்டுமானால் கிழக்கே நீட்டலாம். விறாந்தைக் கூரையைப் பெருவீட்டுக் கூரையோடு ஒட்டிக் கட்டாமல் தனியாக இறக்குங்கள்; பெருவீட்டின் மரங்களை இரும்புப் பட்டியால் சுவரின் வளையத்தோடு பிணையுங்கள். 1978 கார்த்திகையில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி போன்றதொன்று வந்தால், விறாந்தை போனாலும் வீடு நிற்க வேண்டும்.

அடுக்களையை வீட்டோடு ஒட்டியும் ஒட்டாமலும் தென்கிழக்கு மூலையில் வையுங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து வடகிழக்கே போகிறது. வாடை அதற்கு எதிரே. தென்கிழக்கில் எழும் புகை இரண்டிலும் வீட்டுக்குள் புகாது, வடமேற்கும் அப்படியே. மனையடி சாஸ்திரம் அடுப்புக்கு அக்கினி மூலையையும், அடுத்தபடியாக வாயு மூலையையும் சொல்வது இதனோடு ஒத்திருக்கிறது. நாம் சாஸ்திரத்தை எள்ளி நகையாடுவோர் என்று எண்ணியவர்கள் இதையும் குறித்துக்கொள்க. இந்த நுணுக்கமெல்லாம் இல்லாமல், கொடையாளி கொடுத்த படத்தில் நடுவீட்டிலே குசினி வைத்ததன் பலனாகத்தான், வன்னியிலே புதுவீட்டுக்காரர் பலர் பின்னால் கொட்டில் போட்டுச் சமைக்கிறார்கள். சீமெந்து பூசிய குசினியிற் சைக்கிளும் உர மூட்டையும் இருக்கின்றன.

பனையைப்பற்றியும் சொல்ல வேண்டும். முற்றிய பனையின் வைரம் கறையானுக்கு இலகுவில் மசியாது. தலைமுறை தாங்கும் கைமரம் அது. போர்க்காலத்திலே பனைகளைப் பதுங்குகுழிக்குத் தறித்தோம். தறித்தவற்றுக்கு ஈடாக நட்டது எத்தனை? இன்று நடும் விதை பேரப்பிள்ளையின் கூரைக்குத்தான் உதவும். ஆனாலும் அந்தப் பேரப்பிள்ளையும் இம்மண்ணிலேதானே வீடு கட்ட வேண்டும்?

கூரையிலே விழுகின்ற நீரையும் கணக்கிட்டுப் பாருங்கள். எமது பகுதியில் வருட மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர். 800 சதுர அடிக் கூரையில் அது 89,000 லீற்றர். நூற்றுக்கு எண்பது பிடித்தாலும் 70,000 லீற்றருக்கு மேல். முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதித்து அத்தனையையும் றோட்டு வாய்க்காலுக்கு ஓட்டிவிட்டு, கிணறு உப்பாகிறதென்று அழுகின்றோம். கல் பதித்த முற்றம் வெய்யிலிற் காய்ந்து வீட்டுக்குள் வெக்கையை வீசுவது அதற்கு மேலதிகமாகக் கிடைக்கும் வெகுமதி.

கள்வர் பயம், நுளம்புத் தொல்லை, செலவு என்று மூன்று ஆட்சேபங்கள் வரும். கள்வனுக்குக் கம்பி உண்டு. நுளம்புக்கு வலை உண்டு. செலவைப்பற்றிப் பேசுவோரை நாம் 2022ஆம் ஆண்டை நினைவுகூரும்படி கேட்கின்றோம். அவ்வருடம் பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. பழைய ஓட்டு வீட்டுக்காரர் விறாந்தையிற் பாய் விரித்துப் படுத்தனர். குளிரூட்டி வைத்த பெட்டி வீட்டுக்காரர் றோட்டிலே கதிரை போட்டு விடிய விடிய இருந்தனர். அவ்வாண்டு ஆவணியில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏற்றப்பட்டது. 2023 மாசியில் மேலும் 66 வீதம். பின்னர் குறைத்தார்கள். குறைத்தவர்கள் நாளைக்குக் கூட்டவும் வல்லவர்கள். தன் வீட்டிலே மூச்சு விடுவதற்குக் கொழும்பிலிருந்து வரும் கம்பியை நம்பியிருக்கும்படி ஒரு குடும்பத்தை வைக்கும் வரைபடத்தை, உரிமைபற்றி மேடையிற் பேசுகின்ற நாம் எப்படி ஏற்கின்றோம்?

எமது குற்றச்சாட்டு பெரிதும் படித்தவர்கள்மேலேயே விழுகிறது. கமக்காரன் படம் வரைவதில்லை; கொடுத்த படத்துக்குக் காசு கட்டுகிறான். பொறியியலாளர், வரைஞர், ஓவசியர், கடனுக்கு மதிப்பீடு செய்யும் வங்கி உத்தியோகத்தர், அங்கீகாரம் கொடுக்கும் பிரதேச சபையார் ஆகியோரே பொறுப்பாளிகள். வீடமைப்பு நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டம் 1915ஆம் ஆண்டே வந்தது. காற்றும் வெளிச்சமும்பற்றிய ஏற்பாடுகள் அதில் இல்லாமலில்லை. எல்லைக்கு எத்தனை அடி, மலகூடத்துக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று நாடா பிடிக்கும் சபைகள், இந்த யன்னலால் எந்தக் காற்று வரும் என்று ஒருமுறை கேட்டதுண்டா? தட்டுக்கூரை வீட்டுக்கு அதிக மதிப்பும், ஓட்டு வீட்டுக்குக் குறைந்த மதிப்பும் போடும் கணக்கை வங்கியிலிருக்கும் எமது பிள்ளைகள் எங்கே கற்றார்கள்?

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. வன்னியின் வெய்யிலும் வன்னியின் மேசனும் அதன் வாசலிலேயே நிற்கின்றனர். தீவகத்துக்கு ஒன்று, வலிகாமத்துக்கு ஒன்று, வன்னிக்கு ஒன்று, மட்டக்களப்புப் படுவான்கரைக்கு ஒன்று என நாலு மாதிரிப் படங்களை, நாலு வகைக் காணி முகத்துக்கும் ஏற்ப வரைந்து, பொருட்கணக்கோடு தமிழிலே அச்சிட்டு, ஒவ்வொரு பிரதேச சபை வாசலிலும் இலவசமாக வைக்கும்படி அந்தப் பீடத்தாரையும் எமது பொறியியலாளர்களையும் கேட்கின்றோம். அந்தப் படத்தின்படி கட்டுவோருக்கு அங்கீகாரக் கட்டணத்தைச் சபைகள் தள்ளுபடி செய்யட்டும். வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. மாகாண சபை வரட்டும் என்று இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தவிசாளரும் ஒரு தீர்மானமும் போதும்.

தை பிறந்ததும் அத்திவாரம் வெட்டுவதற்குப் பலர் ஆயத்தமாவர். அவர்களுடைய வரைபடங்கள் கார்த்திகையிலேயே ஓவசியரின் மேசைக்கு வந்துவிடும். அந்த மேசைக்கு முன்னே கதிரையை இழுத்துப் போட்டு, மேற்கே இருக்கும் படுக்கையறையைக் கிழக்கே மாற்றும்படியும், எதிர்ச்சுவரில் இன்னொரு யன்னல் கீறும்படியும் கேளுங்கள். மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். படத்துக்குக் காசு கொடுப்பவர் நீங்கள்தானே?